கடையில் வாங்கி ஈபேயில் விற்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு, இங்குள்ள கடைகளில் தள்ளுபடிக்கு வரும் சாமான்களை வாங்கி ஈபே என்ற இணையச் சந்தையில் விற்பது என் பகுதிநேரத் தொழில். ஊரிலிருந்து போனில் அழைப்பவர்கள், பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் பிடித்துக்கொள்பவர்கள், புதிதாக இங்கே குடிவந்த தங்கைகள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். வரி, விசா பற்றி நான் சொல்வது வியாபாரம் செய்து தெரிந்துகொண்டது. வக்கீல் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் வாங்கிய பொருளை அதைவிட அதிக விலைக்கு விற்பது சட்டப்படி சரியா?

அமெரிக்காவில் சரிதான். காசு கொடுத்து வாங்கிய பிறகு பொருள் உங்களுடையது. அதைக் கூட்டி விற்பதும் குறைத்து விற்பதும் உங்கள் இஷ்டம்.

இதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வழக்கு வரலாறு இருக்கிறது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலில் ‘ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது’ என்று அச்சடித்து அனுப்பியது. மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் விற்பனை முடிந்த பிறகு விலையைக் கட்டுப்படுத்தப் பதிப்பகத்துக்கு உரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பு வந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. ‘இந்தியா, இலங்கை, நேபாளம் போன்ற நாடுகளில் மட்டுமே விற்பனைக்கு’ என்று அட்டையில் அச்சிட்ட மலிவுப் பதிப்பு இன்ஜினியரிங் புத்தகங்கள் நினைவிருக்கும். சுபாப் கிர்ட்சேங் என்ற தாய்லாந்து மாணவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர். அதே பாடப்புத்தகங்களின் ஆசியப் பதிப்பு தன் ஊரில் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பதைக் கவனித்தார். வீட்டாரை வாங்கி அனுப்பச் சொல்லி, இங்கே ஈபேயில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக 6 லட்சம் டாலர் விதித்தார்கள். கடைசியில் 2013இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. வெளிநாட்டில் அச்சானதாக இருந்தாலும் முறையாக வாங்கிய பிரதியை மறுவிற்பனை செய்யலாம் என்றது. எங்களைப் போன்ற சில்லறை வியாபாரிகளுக்கு அது பெரிய ஆறுதல்.

போலிச் சரக்குக்கு இதெல்லாம் பொருந்தாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆபத்தானது என்று திரும்பப் பெறும்படி அறிவிக்கப்பட்ட பொருளை விற்பதும் 2008 முதல் சட்டவிரோதம். குழந்தைகளைத் தூங்க வைக்கும் ராக் அன் ப்ளே என்ற தொட்டிலை 2019 ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். சுமார் 47 லட்சம் தொட்டில்கள். இப்படிப்பட்டவை பழைய சாமான் விற்பனைகளில் வந்து உட்கார்ந்திருக்கும். குழந்தைச் சாமான் எதுவானாலும் அரசாங்கத்தின் திரும்பப் பெறும் பட்டியலில் ஒருமுறை தேடிவிட்டு வாங்குங்கள்.

இதையே சென்னையில் இருந்துகொண்டு செய்ய முடியுமா?

இதே மாதிரி முடியாது. முதல் தடை எம்ஆர்பி. இந்தியாவில் பொட்டலமாக வரும் பொருளை அதில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக்கூடாது. அமெரிக்காவில் அப்படி ஒரு உச்சவரம்பே கிடையாது. இங்கே கம்பெனி சொல்வது ‘பரிந்துரை விலை’ மட்டும்தான். ஒரே பொருள் ஒரு ஊரில் 20 டாலர், பக்கத்து ஊரில் 35, ஈபேயில் 60 என்று இருப்பதற்கு இதுவே காரணம். எங்கள் பிழைப்பும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இரண்டாவது, இந்திய ஈபே இப்போது இல்லை. 2004இல் பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தை ஈபே வாங்கி, ஈபே இந்தியா என்று நடத்தியது. 2017இல் அது பிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனால் இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அமெரிக்க ஈபே வழியாகத் தோல் பொருள்கள், கைவினைப் பொருள்கள், நகைகளை ஏற்றுமதி செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வேறு தொழில். அதற்கு என்னைக் கேட்காதீர்கள்.

18 டாலருக்கு வாங்கி 40 டாலருக்கு விற்றால் 22 டாலர் லாபம்தானே?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் எதிர்பார்ப்பேன். இங்கே சறுக்குபவர்கள்தான் மூன்றாவது மாதத்தில் கடையைக் கட்டுகிறார்கள். நிதானமாகக் கணக்குப் போடுவோம்.

கிளியரன்ஸ் அலமாரியில் ஒரு காபிக்கொட்டை அரைக்கும் மிஷின், 18 டாலர். நியூ ஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம் சேர்ந்தால் 19 டாலர் 19 சென்ட். அதை 40 டாலருக்கு, ‘அனுப்பும் செலவு இலவசம்’ என்று போட்டு விற்கிறீர்கள். வாங்குபவர் தன் மாநில வரியாக ஒரு 2 டாலர் 80 சென்ட் சேர்த்துக் கட்டுகிறார். ஈபே கமிஷன் 2025 நிலவரப்படி பெரும்பாலான வகைகளுக்கு 13.6 சதவீதம், ஆர்டருக்கு மேலும் 40 சென்ட். இதில் பலர் கவனிக்காத விஷயம், அந்த 13.6 சதவீதம் உங்கள் 40 டாலருக்கு அல்ல. வரியும் சேர்ந்த 42.80 டாலருக்கு. அதாவது உங்கள் கைக்கே வராத வரிப்பணத்துக்கும் கமிஷன் உண்டு. ஆக 6 டாலர் 22 சென்ட் போகிறது. தபால் செலவு 9.50 என்று வையுங்கள். அட்டைப்பெட்டி, குமிழித் தாள், டேப் எல்லாம் ஒரு டாலர்.

மொத்தச் செலவு 35 டாலர் 91 சென்ட். கையில் நிற்பது 4 டாலர் 9 சென்ட்.

அந்த நான்கு டாலருக்காகக் கடைக்கு வண்டி ஓட்டினீர்கள், படம் எடுத்தீர்கள், விவரம் எழுதினீர்கள், பெட்டி கட்டினீர்கள், தபால் நிலையம் போனீர்கள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இங்கே குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 15 டாலருக்கு மேல். இதே மிஷினைப் பத்து டாலருக்கு வாங்கியிருந்தால் கதை வேறு: லாபம் 12 டாலர் 60 சென்ட்டைத் தாண்டும். விற்கும் விலை உங்கள் கையில் இல்லை. சந்தை எவ்வளவு தருமோ அவ்வளவுதான். வாங்கும் விலை ஒன்றுதான் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ‘இது இன்னும் விலை இறங்கட்டும்’ என்று அலமாரியிலேயே வைத்துவிட்டு வரத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார். நான் கடைக்குப் போகும் பத்துத் தடவையில் நான்கைந்து தடவை வெறுங்கையோடுதான் திரும்புகிறேன்.

என் சொந்த விதி: எல்லாச் செலவும் போக, வாங்கிய விலைக்குச் சமமான லாபம் தேறாவிட்டால் தொடுவதில்லை.

ஏலத்தில் விடுவது நல்லதா, விலை போட்டு விற்பது நல்லதா?

ஈபே 1995இல் ஆரம்பித்தபோது அதன் பெயரே ஆக்‌ஷன்வெப்; முழுக்க ஏலம். நிறுவனர் பியர் ஒமிடியார் முதலில் விற்றது ஒரு பழுதான லேசர் சுட்டி, 14 டாலர் 83 சென்ட்டுக்கு. ‘இது வேலை செய்யாது, தெரியும்தானே?’ என்று அவர் கேட்டதற்கு, ‘பழுதான லேசர் சுட்டிகளைத்தான் சேர்க்கிறேன்’ என்று வாங்கியவர் பதில் சொன்னாராம். ஏலம் எப்போது பலிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சந்தை விலை என்று ஒன்று இல்லாத பொருள், அதையே தேடிக்கொண்டிருக்கும் ஆள். இன்று ஈபேயில் நடப்பதில் பெரும்பகுதி நிலையான விலை விற்பனைதான்.

ஈபே ஏலம் எப்படி ஓடுகிறது என்று புரிந்தால் காரணம் தெரியும். ஏலம் கேட்பவர் தன் உச்சத் தொகையை ரகசியமாகக் கொடுத்துவிடுகிறார். மற்றவர் கேட்கக் கேட்க, அவருக்காகத் தளமே படிப்படியாக விலையை ஏற்றுகிறது. ஒருவர் 60 டாலர் வரை போகத் தயார், அடுத்தவர் 45 வரை தயார் என்றால் பொருள் போவது 60க்கு அல்ல, 46க்கு. ஆசை அதிகம் உள்ளவரின் மனதில் இருக்கும் விலை உங்களுக்குக் கிடைக்காது. இரண்டாவது ஆளின் விலைதான் கிடைக்கும். எனவே பொருளை நிஜமாகவே விரும்பும் இரண்டு பேராவது வேண்டும். ஊரெங்கும் கடையில் கிடைக்கும் மிக்ஸிக்கு அப்படி இரண்டு பேர் எங்கே வருவார்கள்?

நான் பாடம் கற்ற கதையும் இருக்கிறது. ஆரம்பத்தில், 99 சென்ட்டில் தொடங்கினால் கூட்டம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 12 டாலருக்கு வாங்கிய பேக்கிங் தட்டுகளை ஏலத்தில் விட்டேன். ஏழு நாள் ஏலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்தது. எல்லோரும் ஆபீசில். 7 டாலருக்குப் போயிற்று. தட்டோடு என் தபால் செலவும் போயிற்று.

இப்போது நான் ஏலத்துக்கு விடுவது நின்றுபோன மாடல்கள், பழைய பொம்மைகள், என்ன விலை சொல்வதென்றே தெரியாத விசித்திரங்கள் மட்டும். அதையும் ஞாயிறு இரவு முடியும்படி வைக்கிறேன். பலர் கடைசிச் சில நொடிகளில்தான் கேட்பார்கள். நம்மூர்க் கோயில் மாம்பழ ஏலத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுப்பது போல ஈபே இழுக்காது. மணி அடித்தால் அடித்ததுதான். நஷ்டத்தைத் தாங்க முடியாவிட்டால் ஆரம்ப விலையையே வாங்கிய விலைக்கு மேல் வையுங்கள்.

அத்தானையும் சித்தப்பாவையும் விட்டு விலை ஏற்றிக் கேட்கச் சொல்லலாமா என்றும் ஒருவர் கேட்டார். கூடாது. அது மோசடி, கணக்கு முடக்கப்படும், வழக்கும் வரலாம்.

எந்தக் கடையில் எதைத் தேடுவது?

‘இந்தக் கடைக்குப் போ, இந்தப் பொருளை வாங்கு’ என்று யாராவது பட்டியல் கொடுத்தால், அதே பட்டியல் ஆயிரம் பேர் கையில் இருக்கும். தேடும் முறையை மட்டும் சொல்கிறேன்.

டார்கெட், வால்மார்ட் போன்ற பெரிய கடைகளுக்குப் பருவம் மாறும்போது போகலாம். டிஜே மேக்ஸ், மார்ஷல்ஸ், ராஸ் போன்றவை மற்ற கடைகளில் தேங்கியதை வாங்கி விற்பவை. அங்கே நின்றுபோன நிறங்கள், நின்றுபோன அளவுகள் மாட்டும். காஸ்ட்கோவில் விலைச்சீட்டின் மூலையில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தப் பொருள் மறுபடி வராது என்று பொருள். விலை 97 சென்ட்டில் முடிந்தால் குறைத்துப் போட்ட சரக்கு. பழைய வாடிக்கையாளர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

பெரிய கடை ஒன்று மூடப்படும் செய்தி வந்தால் கூட்டம் அலைமோதும். டாய்ஸ் ஆர் அஸ் 2018இல் மூடியபோதும் பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023இல் மூடியபோதும் அதைப் பார்த்தோம். ஆனால் ‘கடை மூடல்’ என்று பலகை மாட்டிய முதல் வாரம் பத்து சதவீதம்தான் குறைத்திருப்பார்கள். அவசரப்பட்டு அள்ளியவர்களை எனக்குத் தெரியும்.

நான் விரும்பித் தேடுவது கவர்ச்சி இல்லாத சாமான்களைத்தான்: ஒரு குறிப்பிட்ட காபி மிஷினுக்கு மட்டும் பொருந்தும் கண்ணாடிக் குடுவை, நின்றுபோன வாசனைச் சோப்பு, பழைய மாடல் வாக்குவம் கிளீனரின் வடிகட்டி. அதைத் தேடி வருபவருக்கு வேறு வழியில்லை. பேரம் பேசாமல் வாங்குவார்.

வாங்கும் முன் கடையிலேயே நின்று, ஈபே ஆப்பில் பெயரைத் தேடி, ‘விற்றவை’ என்று வடிகட்டிப் பாருங்கள். கடந்த 90 நாள் விற்பனை தெரியும். விற்காமல் தொங்கிக்கொண்டிருப்பவற்றின் விலையைப் பார்த்துக் கனவு காணக்கூடாது. 200 டாலர் என்று யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

இப்போது பரபரப்பாக ஓடும் பொம்மை, சீட்டுக்கட்டு எல்லாம் வாங்கலாமா?

1990களின் கடைசியில் பீனி பேபீஸ் என்ற பஞ்சுப் பொம்மைகளால் ஊரே பைத்தியமாகி இருந்தது. ஈபேயின் ஆரம்பகால வளர்ச்சிக்கே அவை பெரிய காரணம். ஒரு கட்டத்தில் அங்கு நடந்த விற்பனையில் கணிசமான பங்கு அவைதான். தயாரித்த டை கம்பெனி ஒவ்வொரு வகையாக நிறுத்திக்கொண்டே வந்து தட்டுப்பாட்டை உண்டாக்கியது. இன்று அவற்றில் பெரும்பாலானவை பழைய சாமான் கடைகளில் கூடை கூடையாகக் கிடக்கின்றன. போக்கிமான் போன்ற சேகரிப்புச் சீட்டுகள் வேறொரு திசையில் போயின. 2021 மே மாதம் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடை வாசலில் சேகரிப்புச் சீட்டுகளுக்காக நடந்த அடிதடியில் ஒருவர் துப்பாக்கியை எடுக்க, டார்கெட் கடைகளில் நேரடிச் சீட்டு விற்பனையையே சில காலம் நிறுத்தி வைத்தார்கள். எனக்கு அந்த வரிசையில் போய் நிற்கும் வயதில்லை.

கையில் சரக்கு வைக்காமல், ஆர்டர் வந்த பிறகு கடையிலிருந்து நேரே அனுப்பச் சொல்லலாமா?

ஈபே விதிப்படி கூடாது. மொத்த வியாபாரியோடு ஒப்பந்தம் செய்து அவர் நேரே அனுப்புவது அனுமதிக்கப்பட்டது. வேறொரு சில்லறைக் கடையிலோ தளத்திலோ வாங்கி வாடிக்கையாளர் முகவரிக்குத் திருப்பிவிடுவது தடை. யூடியூபில் இதற்கு வகுப்பு எடுப்பவர்களுக்கு வகுப்புக் கட்டணத்தில்தான் வருமானம்.

திருப்பி அனுப்பினால்? ஏமாற்றினால்?

இரண்டும் நடக்கும். பொருள் வரவில்லை, அல்லது விவரத்தில் சொன்னபடி இல்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று வாங்குபவருக்கு ஈபே உறுதி கொடுக்கிறது. ‘நான் ரிட்டர்ன் எடுப்பதில்லை’ என்று நீங்கள் எழுதி வைத்திருந்தாலும் அது செல்லும். ‘சொன்னபடி இல்லை’ என்று புகார் வந்தால் திருப்பி அனுப்பும் தபால் செலவும் உங்கள் தலையில். 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு கொடுக்கவும் முடியாது.

ஒருமுறை புத்தம் புதிய ஹேர் டிரையர் ஒன்றை விற்றேன். திரும்பி வந்த பெட்டிக்குள் இருந்தது தலைமுடி சிக்கிய வேறொரு பழைய டிரையர். சீரியல் எண்ணைப் படம் எடுக்காமல் விட்டது என் தப்பு, காசு போயிற்று. அன்றிலிருந்து 50 டாலருக்கு மேற்பட்ட எந்தச் சாமானும் சீரியல் எண் படம் இல்லாமல் என் வீட்டை விட்டுப் போவதில்லை. ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு. நான்கு நாள் பார்த்துவிட்டு ரத்து செய்யலாம்.

படம் என்றதும் இன்னொன்று. கம்பெனியின் விளம்பரப் படத்தைத் திருடிப் போடாதீர்கள். பிராண்டு உரிமையாளர்கள் புகார் கொடுக்க ஈபேயில் தனி வழி இருக்கிறது. ஒரே புகாரில் உங்கள் லிஸ்டிங், அதாவது விற்பனைப் பதிவு, காணாமல் போகும். பொருள் அசலாக இருந்து, படமும் உங்களுடையதாக இருந்தால் பதில் சொல்ல வாயிருக்கும்.

வரி கட்ட வேண்டுமா?

லாபத்துக்குக் கட்ட வேண்டும். உங்கள் விற்பனைத் தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-கே படிவத்தை ஈபே அனுப்பினால்தான் வரி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. ஆண்டுக்கு 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால் படிவம் என்ற பழைய வரம்பை 2025இல் வந்த மத்திய அரசுச் சட்டம் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குக் கீழே இருந்தாலும் வருமானம் வருமானம்தான். நிகர லாபம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரி 15.3 சதவீதமும் வரும்.

மாநிலத்தில் வியாபாரமாகப் பதிவு செய்துகொண்டால், மறுவிற்பனைக்கு வாங்கும் பொருளுக்குக் கடையில் விற்பனை வரி கட்டாமல் வாங்கலாம். நியூ ஜெர்சியில் அதற்கு எஸ்டி-3 என்ற படிவம். மேலே சொன்ன காபி மிஷினில் அந்த 1 டாலர் 19 சென்ட் மிச்சமாகியிருக்கும். கடைப் பில்களை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். அந்த வழவழப்புக் காகிதத்தில் எழுத்து ஒரு கோடைக்காலம் கூடத் தாங்காது.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வார இறுதியில் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. அந்த விசா உங்களை அழைத்த நிறுவனத்தில் வேலை செய்ய மட்டும். வீட்டில் கிடக்கும் சொந்தச் சாமானை விற்பது வேறு. லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்பது வேலை செய்வதாகவே கருதப்படலாம். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் 4 டாலர் 9 சென்ட்டுக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள். மாணவர் விசாவுக்கும் இதே பதில். எச்-1பிகாரரின் கணவன் அல்லது மனைவியாக எச்-4 விசாவில் இருந்து வேலை அனுமதி அட்டையும் வைத்திருப்பவர்கள் செய்யலாம்; நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மனைவி பெயரில் கணக்கு, வேலை முழுக்கக் கணவர் என்ற ஏற்பாட்டையும் வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இது பதுக்கல் இல்லையா? அடுத்தவர் அவசரத்தில் காசு பார்ப்பது போல இருக்கிறதே?

சில சமயம் அதுவேதான். 2020 மார்ச்சில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர், கைகழுவும் சானிடைசர் 17,700 பாட்டில்கள் வாங்கி அடுக்கிவிட்டு விற்க வழியில்லாமல் நின்றார்கள். தளங்கள் அந்த விற்பனையைத் தடுத்துவிட்டன. மாநில அரசு விசாரித்தது. சரக்கு முழுவதும் தானமாகப் போனது. நெருக்கடிக் காலக் கொள்ளை விலைக்கு எதிராகப் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. நெருக்கடி நிலை அறிவித்திருக்கும்போது 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றுவது நியூ ஜெர்சியில் தவறு.

சட்டத்துக்கு அப்பால் நான் வைத்திருக்கும் கோடு இது: குழந்தைப் பால்மாவு, மருந்து, டயப்பர் தொடுவதில்லை. முழு விலையில் இருக்கும் பொருளை அலமாரியோடு காலி செய்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பொம்மை? அதில் எனக்கே தெளிவில்லை. ஒரு வருடம் விற்றேன், காசு நன்றாக வந்தது. வாங்கிய ஒரு பாட்டி ‘பேரனுக்குக் கிடைத்துவிட்டது, நன்றி’ என்று எழுதியதைப் படித்ததும் சங்கடமாகிவிட்டது. மறு வருடம் விற்கவில்லை.

விற்காமல் தேங்கினால்?

தேங்கும். கடையின் ரிட்டர்ன் தேதிக்குள் இருந்தால் முதலில் அங்கே திருப்பிக் கொடுங்கள். ஆனால் இதையே வழக்கமாக வைத்துக்கொண்டால் கடைக்காரர்கள் கவனித்து ரிட்டர்னை மறுப்பார்கள். அடுத்தது, ஆறு ஆறாகக் கட்டி ஒரே லிஸ்டிங்காக விலை குறைத்து விடுவது. அதுவும் போகாவிட்டால் தானம்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு, பச்சை நிறச் சிலிக்கான் கரண்டி நாற்பது வாங்கி மாட்டிக்கொண்டேன். ஈபேயில் ஐந்து போயின. அந்த வருட நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு பச்சைக் கரண்டி வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னும் பதினொன்று மீதம் இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.